தண்ணீர் மேல் பழி

ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்பதை நீயே சொன்னால்தான் உண்டு. நீயோ போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது அல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால், கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அங்கே சேர்த்துவிடுவார்களாம். வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண் சொன்னாள். கூடவே, நீ ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டிக்கப் போவதாகவும் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா ஒருவழியாகத் தண்ணீர் மோட்டாரை மாற்றிவிட்டார். எங்கள் சலவைக்கூடத்துக்குப் புதிய இஸ்திரி உருளை வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி விரிப்பை இந்தப் பக்கம் நுழைத்தால் அந்தப் பக்கம் சுருக்கமே இல்லாமல் வெளியே வருகிறது. அதைப் பார்க்க மேனேஜர் தினமும் வந்து நின்றுகொள்கிறார், ஏதோ அவரே செய்த மிஷின் போல. நான் பழைய இடத்தில்தான் இருக்கிறேன். அழுக்குத் துணி மிஷினுக்குள் போகும் முன் உதறிப் பார்த்து, முடி, ஊசி, பேனா, மாத்திரை எது இருந்தாலும் பொறுக்கி எடுக்கும் இடம். கண் நன்றாகத் தெரியும்வரை அந்த இடத்தை யாருக்கும் விடமாட்டேன்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். உன் மனைவிக்கு முடி கொட்டுகிறது. சும்மா சீப்பில் நாலு முடி வருவது போல இல்லை. தலையில் கை வைத்தால் கையோடு வருகிறது. வகிடு இருந்த இடம் அகலமாகிவிட்டது. பின்னல் பாதியாகிவிட்டது. அவள் வேலை பார்க்கும் இடமோ கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்க்க வருகிறவர்களுக்காக எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலைக்கண்ணாடி. நாள் முழுக்க அதன் நடுவில் நிற்கிறாள். முன்பெல்லாம் வருகிறவர்களின் முகத்துக்கு எது பொருந்தும் என்று அவளே எடுத்து மாட்டிவிட்டு, கையோடு பெரிய கண்ணாடி முன் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவாளாம். இப்போது சின்னக் கைக்கண்ணாடியை அவர்களிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்கிறாள் என்று முதலாளி என்னிடம் சொன்னார். தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு போகிறாள். ஜலதோஷம் என்கிறாள். இத்தனை நாளாகப் போகாத ஜலதோஷம்.

நம் வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தவன் நீதான். கதவைத் திறந்ததும் பேச ஆரம்பித்தால் தூங்கும்வரை ஓயமாட்டாள் என்று கேலி செய்வாயே. அந்த வாயாடி இப்போது கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறாள். சில நாள் அதுவும் இல்லை.

முடி என்றதும் யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம். வீட்டுக்காரம்மா, தண்ணீர் உப்பு, அதுதான் காரணம் என்றார். அதே தொட்டித் தண்ணீரில்தான் அவரும் குளிக்கிறார், அவர் கொண்டை மட்டும் இரண்டு கையில் அடங்காது. இதைச் சொன்னால் வாடகையை ஏற்றிவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டேன். ஒருத்தி எண்ணெய் என்றாள், ஒருத்தி எண்ணெயே கூடாது என்றாள். ஈரத்தோடு வாராதே, இறுக்கிப் பின்னாதே, ஷாம்பூவை மாற்று, கீரை சாப்பிடு. உன் மனைவி எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். யார் கேட்டாலும் "தண்ணி ஒத்துக்கல" என்று மட்டும் சொல்வாள்.

கடைசியில் நானே தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மாவுக்கு என் வயது இருக்கும். பொறுமைசாலி. ஒரு கொத்து முடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். விரலோடு ஏழெட்டு வந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது, நூறு முடி விழுவது எல்லோருக்கும் உள்ளதுதான், ஆனால் இது அதிகம் என்றார். பரம்பரை, தைராய்டு, இரும்புச் சத்துக் குறைவு, சில மாத்திரைகள், தலைத் தோலில் தொற்று, பட்டினி கிடந்து உடம்பை இளைக்க வைப்பது, இப்படி நிறையக் காரணம் இருக்கிறதாம். வட்டம் வட்டமாகக் கொட்டினால் அது வேறு வகையாம். வீட்டில் யாருக்காவது வழுக்கை உண்டா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, எங்க அப்பாவுக்கு முப்பது வயசிலேயே தலை பளபளன்னு ஆயிடுச்சு டாக்டர் என்றேன். மாமனார் வழுக்கை மருமகளுக்கு வராதும்மா என்று சிரித்துவிட்டார். உன் மனைவியும் லேசாகச் சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு பார்த்த சிரிப்பு என்பதால் நான் அசடு வழிந்ததுகூட எனக்கு வருத்தமாக இல்லை. அந்த வழுக்கை வரவேண்டிய ஆள் நீதான். சீப்பும் கையுமாக நீ நின்ற நிற்பில் நம் வீட்டுக் கண்ணாடி தேயாமல் இருந்ததே பெரிது. நீ அனுப்பிய படங்களில் எல்லாம் தொப்பி போட்டிருக்கிறாயே, அங்கே அவ்வளவு வெயிலா?

பிறகு டாக்டரம்மா அவளைப் பார்த்து ஒன்று கேட்டார். கடந்த நாலைந்து மாதத்தில் பெரிய காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், மனதுக்கு அதிர்ச்சி ஏதாவது உண்டா என்று. அவள் வாயைத் திறக்கும் முன் நான், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.

கப்பலுக்குக் கிளம்பிய அன்று வாசலில் பெட்டியோடு நின்று நீ சொன்னாயே, "அக்கா, குழந்தைப் பேச்சே வீட்டுல வேண்டாம், அவ மறந்துடுவா"ன்னு. அதன்படிதான் நடக்கிறேன். தொட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தாயிற்று. அலமாரியில் குழந்தைத் துணி வைத்திருந்த தட்டைக் காலி செய்து அதில் என் புடவைகளை அடுக்கிவிட்டேன். யார் வீட்டுக்கு வந்தாலும் முதலிலேயே கண்ஜாடை காட்டிவிடுகிறேன். டாக்டரிடமும் அதே பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். முடிவு வந்ததும் எழுதுகிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்.

இப்படிக்கு,
உன்னைத் திட்ட உரிமையுள்ள
அக்கா


சனி மாலை

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. அதைப் பதில் என்று சொன்னால் தபால்காரர்கூடச் சிரிப்பார். மாத்திரையை ஒழுங்காகக் கொடுங்கள், தண்ணீரை மாற்றிப் பாருங்கள், நான் இன்னொரு வருடம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். மூன்றே வரி. அவளுக்கென்று தனியாக ஒரு வரி இல்லை. கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து மேஜை மேல் வைத்தாள். பிறகு துணி காயப் போடப் போய்விட்டாள்.

ரத்தத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. தைராய்டு சரியாக இருக்கிறது. இரும்புச் சத்து கொஞ்சம் குறைவு, ஆனால் இவ்வளவு கொட்டுகிற அளவுக்கு அது குறைவில்லை என்றார் டாக்டரம்மா. ஒரு நாளைக்கு எவ்வளவு கொட்டுகிறது என்று கேட்டார். நான் ரொம்ப இல்லை என்றேன், அவளும் ரொம்ப இல்லை என்றாள். டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கொட்டுகிற முடியை எங்கேயும் போடாமல் சேர்த்து எடுத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததைக் கேள். மறுநாள் சாயங்காலம் நான் முடி சேர்த்த காகித உறையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தேன். அவளும் ஒரு உறையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டும் உப்பிக்கொண்டிருந்தன. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். விஷயம் இதுதான். தினமும் காலையில் அவள் குளிக்கப் போனதும் நான் அவளுடைய தலையணை உறையைக் கழற்றி, உதறி, ஒரு முடி இல்லாமல் எடுத்துவிட்டு வேறு உறை போட்டுவிடுவேன். திரும்பி வந்து படுக்கையைப் பார்த்தால் மனசு உடைந்துவிடும் என்று. அவளோ, குளித்து முடித்ததும் குளியலறைத் தண்ணீர் போகும் சல்லடையில் அடைத்திருக்கிற முடியை எல்லாம் எடுத்து, தரையை அலம்பி, சீப்பையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் வெளியே வருவாளாம். நான் பார்த்தால் கவலைப்படுவேன் என்று. நான் தலையணையை மட்டும் பார்த்து இவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள் தலையணையில் ஒன்றுமே இல்லையே என்று நினைத்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் மாய்ந்து மாய்ந்து துடைத்திருக்கிறோம். எங்கள் சலவைக்கூடத்தில்கூட இவ்வளவு சுத்தம் கிடையாது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. "எல்லாத்தையும் துடைச்சிட்டோம்ல அக்கா" என்றாள். அது முடியைப் பற்றி இல்லை என்று எனக்குப் புரிந்தது. அந்த உறைகளையே தடவிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா இரண்டு உறையையும் திறந்து பார்த்தார். எழுந்து வந்து அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, பழைய கேள்வியையே திரும்பக் கேட்டார். இந்த முறை என்னைப் பார்க்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் ஸ்கார்ஃபை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்குப் பிரசவம் ஆச்சு டாக்டர். எட்டாம் மாசத்துல. பொண்ணு. உயிர் இல்ல."

தம்பி, அந்த வார்த்தைகளை அவள் வாயால் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். நான் மட்டும் இல்லை, அவளே அன்றுதான் கேட்டிருப்பாள்.

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். தலையில் இருக்கிற முடி எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லையாம். பெரும்பகுதி வளர்ந்துகொண்டிருக்கும், கொஞ்சம் ஓய்வில் இருக்கும், ஓய்வு முடிந்ததும் விழுந்துவிடும், அந்த இடத்தில் புதிது வரும். கர்ப்பமாக இருக்கும்போது விழ வேண்டிய முடியும் விழாமல் நின்றுவிடுமாம். பிரசவம் ஆனதும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பும், அப்போது ஏராளமான முடி ஒன்றாக ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் மொத்தமாகக் கொட்டும். அதனால் ஜனங்களுக்கு எதனால் என்றே புரியாது, நேற்று மாற்றிய சோப்பையும் தண்ணீரையும் திட்டுவார்கள் என்றார். பெரிய துக்கம் வந்தாலும் இப்படித்தானாம். அவளுக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது.

கடைசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பயப்படாதீங்கம்மா. குழந்தை பெத்த அம்மாங்க நிறைய பேருக்கு இது வர்றதுதான். ஆறேழு மாசத்துல திரும்ப வளர்ந்துடும்."

அவள் அந்த இடத்திலேயே முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். டாக்டரம்மா தான் ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று பதறிப்போனார். அவர் தவறாக எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அவளே சொன்னாள். "என்னை அம்மான்னு சொன்னாங்கக்கா. இத்தனை நாள்ல யாரும் சொல்லல." கொஞ்ச தூரம் போனதும், "முடி கொட்டுதேன்னு எல்லாரும் கேட்டாங்க. அவளைப் பத்தி ஒருத்தரும் கேட்கல" என்றாள்.

எனக்கு அந்த பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. மறக்கட்டும் என்று நாம் மூடி மூடி வைத்தது எல்லாம் அவளுக்கு எப்படிப் பட்டிருக்கிறது பார். அப்படி ஒரு குழந்தையே பிறக்கவில்லை என்று நாம் அவளிடம் தினமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறோம். உன்னை மட்டும் குறை சொல்லவில்லை. நீ சொன்னாய், எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

அன்று சாயங்காலமே சலவைக்கூடத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடு என்று நீ சொன்னாய், நானும் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். கொடுக்கவில்லை. சின்னச் சட்டைகளையும், துணிகளையும், அவள் பின்னிய மஞ்சள் குல்லாவையும் ஒரு தலையணை உறையில் போட்டு அங்கே என் அலமாரியில் வைத்திருந்தேன். குழந்தை பிறப்பதற்கு முன்பே நான் எத்தனையோ தடவை அலசி மெத்தென்று ஆக்கியவை அவை. எப்படிக் கொடுப்பேன்? அதைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். என் புடவைகளை எடுத்துவிட்டு அலமாரியின் அந்தத் தட்டைத் திரும்பக் காலி செய்து கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, அடுக்கினாள். நான் உதவவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

இன்னும் ஒன்று. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடிக் கடைக்கு வேறு ஊரில் ஒரு கிளை இருக்கிறது. அங்கே மாற்றல் வேண்டும் என்று அவள் முதலாளியிடம் கேட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "அவர் மறந்துட்டாருக்கா. வேலைக்குப் போய்ட்டாரு, அவருக்கு முடிஞ்சுபோச்சு. நான் மட்டும் இதை வெச்சுக்கிட்டு இந்த வீட்டுல எதுக்கு?" என்றாள். உனக்காகப் பரிந்து பேச வாயெடுத்தேன். என்னவென்று பேசுவது? உன்னுடைய மூன்று வரிக் கடிதம் மேஜை மேல்தானே கிடந்தது.

கையெழுத்துப் போடாதே. அவளுக்கு எழுது. என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்றாவது எழுது.

கவலையுடன்,
அக்கா


ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

உன் பார்சல் வந்து சேர்ந்தது. விடுப்பில் வந்த உங்கள் கப்பல் சமையல்காரர் போன வாரம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். திறந்து பார்த்தால் ஷாம்பூ. நாலு பாட்டில், ஒவ்வொன்றும் ஒரு நிறம். முடி உதிராமல் இருக்க என்று எந்த மொழியிலோ எழுதியிருக்கிறது என்றார். உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். திட்டு எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

உனக்கும் கொட்டுகிறதாமே.

கொத்துக் கொத்தாகக் கொட்டியதாம். கேபினில் உன் தலையணையை நீயே தினமும் துடைத்து வைப்பாயாம். பிறகு ஒரு நாள் முடிவெட்டும் மிஷினை எடுத்து மொத்தத்தையும் மழித்துவிட்டாயாம். யார் கேட்டாலும், "கப்பல் தண்ணி ஒத்துக்கல" என்கிறாயாம். இதைச் சொன்ன சமையல்காரருக்குத் தலை நிறைய முடி. அவரும் அதே தண்ணீரில்தானே குளிக்கிறார் என்று கேட்டேன். அவர், "சாப்பாட்டு ரூம்ல யார் கூடவும் உக்கார மாட்டாரும்மா. தட்டை எடுத்துக்கிட்டு இன்ஜின் ரூமுக்குப் போயிடுவாரு. வீட்டுல ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை இதோடு எத்தனையாவது முறையாகக் கேட்கிறேனோ. இந்த முறை ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்க வீட்டுல ஒரு குழந்தை உயிரில்லாம பிறந்துச்சு, என் தம்பிக்குத்தான் அது முதல் குழந்தை என்றேன். அந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார். தெரியாதும்மா, அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உன் மனைவி டீயோடு உள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவர் போன பிறகு அந்தப் பாட்டில்களில் ஒன்றைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். "அவரும் தண்ணின்னுதான் சொல்றாராக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நான் மட்டும்தான்னு நினைச்சேன்" என்றாள். பாட்டிலைத் திருப்பி வைக்கவே இல்லை, மடியிலேயே வைத்திருந்தாள்.

பெரியவளாக இருந்துகொண்டு நானும் அதைத்தான் நினைத்தேன், தம்பி. நீ தப்பித்துப் போய்விட்டாய், எங்களை மட்டும் இதற்குள் விட்டுவிட்டாய் என்று உன் மேல் எனக்குக் கோபம். தொப்பிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. நாள் முழுக்க மற்றவர்கள் துணியில் ஒற்றை முடியைக் கண்டுபிடிக்கிற எனக்கு, சொந்தத் தம்பி தலையில் முடி இல்லாதது தெரியவில்லை.

இந்த வாரம் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது உன்னைப் பற்றியும் கேட்டேன். ஆம்பளைக்கும் வருமா டாக்டர், அவனுக்கு என்ன பிரசவமா ஆச்சு என்று. "துக்கம் ஆம்பளையா பொம்பளையான்னு பார்க்குமாம்மா? அப்பாங்களுக்கும் கொட்டும்" என்றார். உன்னை அங்கேயே ஒரு டாக்டரிடம் காட்டச் சொன்னார். பரம்பரை வழுக்கையாகவும் இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். அப்பாவின் தலை உனக்கு வந்திருந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அதற்காக யாரும் உன்னை வீட்டுக்குள் விடாமல் இருக்கமாட்டோம். ஆனால் டாக்டர் உன்னிடம் கடந்த சில மாதங்களில் ஏதாவது நடந்ததா என்று நிச்சயம் கேட்பார். ஒன்றும் இல்லை என்று சொல்லாதே.

அவளுக்கு நெற்றி ஓரத்தில் புது முடி வந்திருக்கிறது. சின்னச் சின்னதாக, எந்தப் பக்கமும் படியாமல் நிற்கிறது. கடைக்கு ஸ்கார்ஃப் இல்லாமல் போகிறாள். ஒரு வாடிக்கையாளர் என்னம்மா தலை இப்படி ஆயிடுச்சு என்று கேட்டதற்கு, எனக்குக் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது, அதனால் கொட்டியது என்று நேராகச் சொல்லிவிட்டாளாம். அந்த அம்மா போகும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. முந்தாநாள் வீட்டுக்காரம்மாவிடம் தண்ணீரைப் பற்றி ஒரு பிடி பிடித்தாள். கேட்க ஆனந்தமாக இருந்தது.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அடுத்த மாதம் அங்கே சேர வேண்டும். பெட்டியை இன்னும் எடுத்து வைக்கவில்லை, உத்தரவைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது.

நேற்று சாயங்காலம் அலமாரியைத் திறந்து அந்த மஞ்சள் குல்லாவை எடுத்து விரல் நுனியில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் ஒன்று கேட்டாள். அதை எழுதத்தான் இந்தக் கடிதமே.

"பொடிசுக்குத் தலையில முடி இருந்துச்சாக்கா?"

அவள் வயிற்றில் காதை வைத்து நீ கூப்பிட்ட பெயர். நீ போன பிறகு இந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர். அன்று அவள் மயக்கத்தில் இருந்தாள். நான் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. நர்ஸ் கொண்டுவந்து காட்டியது உன்னிடம்தான். கையில் வாங்கியவன் நீதான். தூக்கிக்கொண்டு போனவனும் நீதான், வெறும் கையோடு திரும்பி வந்தவனும் நீதான். எனக்குத் தெரியாதும்மா, நான் பார்க்கலையே என்றேன். "அப்ப அவருக்கு மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குல்லாவை மடித்து உள்ளே வைத்தாள்.

முடி இருந்ததா, கறுப்பா, யார் மாதிரி இருந்தாள், கண் மூடியிருந்ததா, கை எப்படி இருந்தது, இது எதுவும் அவளுக்குத் தெரியாது. பெற்றவள் பார்க்கவில்லை. நீ பார்த்ததை உனக்குள்ளேயே வைத்துக்கொண்டு கடல் கடலாகச் சுற்றுகிறாய். அது கனமாகத்தான் இருக்கும், எனக்குத் தெரிகிறது. ஒருத்தன் தூக்குகிற சுமையா அது?

கடிதத்தில் எழுதாதே. போனிலும் சொல்லாதே, உன் லைன் எனக்குத் தெரியும். கிளம்பி வா. தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் எதிரில் உட்கார். கேட்டதற்குப் பதில் சொல். நான் மாடிக்குப் போய் வீட்டுக்காரம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் கூப்பிடும்வரை இறங்கி வரமாட்டேன்.

நல்லபடியாக வந்து சேர், என் கண்ணே. பொடிசின் அம்மா காத்திருக்கிறாள்.

உன்
அக்கா